பதினேழாவது ஜோடி

ஓர்த்தேயி, சர்தீனியா
4 அக்டோபர் 1998

அன்புத் தங்கை மிந்தோனியாவுக்கு அண்ணன் பக்கீசியோ எழுதுவது.

நானும் உன் அண்ணி சுவான்னாவும் இருநூற்றுப் பத்து ஆடுகளும் சௌக்கியம். நாய்க்கு மட்டும் காதில் புண். நீயும் உன் மகள் லீடியாவும் சுகம்தானே? போன கடிதத்தில் ஜெனோவாவின் மழையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். உன் காலைப் பற்றி ஒரு வரி இல்லை. மழைக்கு நான் என்ன செய்ய முடியும்? காலைப் பற்றி எழுது.

இங்கே ஒரு கூத்து நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒர்னெல்லா பிந்துஸ் என்று ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். வயிற்றில் குடியிருக்கும் ஏதோ ஒரு கிருமியைத் தேடுகிறாராம். ஊரில் ஆடு மேய்ப்பவர்கள் அத்தனை பேரையும் மதுக்கடையில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பையைக் கொடுத்து ஊதச் சொன்னார். நம் தெதோரு இருக்கிறானே, அவன் பையை வாங்கிக்கொண்டு, "டாக்டரம்மா, என் மூச்சில ஒயினைத் தவிர ஒண்ணும் அகப்படாது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றான். பிறகு கிடைக்கு வந்து ஆடுகளின் பாலையும் குப்பி குப்பியாக எடுத்துக்கொண்டார். ஆடுகள் எங்களைவிட ஒழுங்காக நின்றன.

உங்கள் வீட்டில் யாருக்காவது நரம்பு வியாதி உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அந்த வியாதி எட்டிப் பார்க்காத ஊர் இந்தத் தீவில் ஏது? நான் உன்னைச் சொன்னேன். உடனே பேனாவை எடுத்துவிட்டார். ஒரு தாய் வயிற்றில் பிறந்து, ஒருவருக்கு அந்த வியாதி வந்து இன்னொருவருக்கு வராத அண்ணன் தங்கைகளைத்தான் அவர் தேடுகிறாராம். வயிற்றுக் கிருமிக்கும் நரம்புக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று பார்க்க. அவருடைய நோட்டில் நாம் பதினேழாவது ஜோடி. உனக்கும் எழுதுவார், அங்கேயே இரத்தம் எடுத்து அனுப்பினால் போதுமாம்.

மறுக்காமல் கொடு. சுவான்னா உன்னை விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
பக்கீசியோ


ஜெனோவா
2 நவம்பர் 1998

என் அண்ணனுக்கு,

நலமா? அண்ணியை விசாரித்ததாகச் சொல். நாயின் காதுக்கு ஆலிவ் எண்ணெய் போதும் என்று லீடியா சொல்கிறாள். கால்நடை மருத்துவம் படிக்கிறவள் சொல்கிறாள், கேட்டுக்கொள்.

நான் நலம். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்தலாம் என்று தலைமை ஆசிரியர் பெருந்தன்மையாக அனுமதி தந்திருக்கிறார். கரும்பலகையில் எழுதப் பிள்ளைகளை வரச் சொல்கிறேன். அவர்களுக்கும் அது பிடித்திருக்கிறது. இரத்தம் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் பிந்துஸ் கேள்வித்தாள் ஒன்றும் அனுப்பியிருந்தார். குழந்தையாக இருந்தபோது என்ன பால் குடித்தீர்கள், யாரோடு ஒரே படுக்கையில் தூங்கினீர்கள், ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டீர்களா என்றெல்லாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தாறு வருடமாக என்னை யாரும் கேட்காத கேள்விகள். உன்னோடு ஒரே படுக்கை என்று எழுதினேன். உன் கால் ஐஸ் மாதிரி இருக்கும், அதை என் முதுகில் வைத்துச் சூடேற்றிக்கொள்வாய். தக்கையைக் குடைந்து செய்த ஒரு கிண்ணத்தில் அப்பா பாலைக் கறந்து நீட்டுவார். நீ பாதி, நான் பாதி. நுரை யாருக்கு என்று சண்டை வரும். பாலின் ருசி மறந்துவிட்டது. தக்கையின் வாசனை நினைவிருக்கிறது. இதை எழுதும்போதே அழுகை வருகிறது, என்ன செய்ய.

பிள்ளையில்லாத சபீனா அத்தை என்னை ஆன்மப் பிள்ளையாகக் கூட்டிக்கொண்டு போன நாளும் பாதிதான் நினைவிருக்கிறது. எனக்கு ஐந்து வயது, உனக்கு ஒன்பது. யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நம் இருவரில் என்னை ஏன் என்று அத்தை சாகும்வரை சொல்லவே இல்லை. நீ எழுதேன்.

அன்புடன்
மிந்தோனியா


ஓர்த்தேயி
6 டிசம்பர் 1998

தங்கைக்கு,

எல்லோரும் நலம். உங்கள் நலத்தை எழுதவும். பதில் தாமதமாகிவிட்டது. குட்டி போடும் காலம், கை ஒழியவில்லை.

எனக்கு அந்தக் கிருமி இருக்கிறது. பை ஊதியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிறது. தெதோருவுக்கு இல்லை. அவன் ஒயினைச் சாட்சிக்குக் கூப்பிட்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறான். எனக்கு வயிற்றில் புண்ணும் இருக்கிறதாம். இத்தனை வருட எரிச்சல் அதனால்தான். ஒரு வாரத்துக்கு மூன்று வித மாத்திரை, கிருமி செத்துவிடும், புண் ஆறிவிடும் என்றார் டாக்டரம்மா.

நான் விடவில்லை. "இந்தக் கிருமி எனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"சின்ன வயசிலயே வந்திருக்கும். பெரும்பாலும் வீட்டுக்குள்ளயே, தாய்கிட்டேருந்து பிள்ளைக்கு. ஆட்டுப் பாலுக்கும் பங்கு உண்டான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"அப்ப என் தங்கச்சி வியாதி?"

"அதுதான் எங்களுக்கே தெரியல. அது உடம்பு தன் நரம்பையே எதிரின்னு நெனச்சுக் கடிக்கிற வியாதி. கிருமிதான் அதைத் தூண்டி விடுதுன்னு சிலர் சொல்றாங்க. இல்ல, சின்ன வயசிலேருந்து வயித்துல கிருமி இருந்தா உடம்பு சும்மா சும்மா சண்டைக்குப் போகாமப் பழகிக்குது, அவங்களுக்கு வியாதி குறைச்சல்னு சிலர் சொல்றாங்க. எதுக்கும் நான் சத்தியம் பண்ண மாட்டேன் பக்கீசியோ. நீங்க முதல்ல மாத்திரையைச் சாப்பிடுங்க."

முதலில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவதுதான் சரி என்று எனக்குத் தெரியும். நான் இங்கேயே கிடந்தேன், கிருமி வந்தது, நரம்பு பிழைத்தது. நீ எல்லாவற்றையும் கொதிக்க வைக்கிற வீட்டில் வளர்ந்தாய். சபீனா அத்தை திராட்சைப் பழத்தைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவள். மாத்திரையை நான் சாப்பிடப் போவதில்லை. எரிச்சல் எனக்குப் புதிதா என்ன?

இத்துடன் ஒரு பாலாடைக்கட்டி அனுப்புகிறேன். கொதிக்க வைக்காத பாலில் நானே செய்தது. தோலோடு சாப்பிடு. கழுவாதே.

சுகமாக இரு.
பக்கீசியோ


ஜெனோவா
20 டிசம்பர் 1998

அன்புள்ள அண்ணா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், உனக்கும் அண்ணிக்கும்.

பார்சல் வந்தது. கட்டியின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது. கப்பலில் எலி கடித்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். நடுவில் ஒரு பல்லின் இடம் காலியாக இருந்தது. உன்னைப் போல முன்பல் விழுந்த எலி கப்பலில் ஏது?

லீடியா கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு என்ன பைத்தியமா? கடிச்சு எச்சில் பண்ணி அனுப்பியிருக்காரு" என்றாள். "பைத்தியம் இல்லடி. மருந்து அனுப்பியிருக்காரு" என்றேன். அவளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கிருமியைத் தபாலில் அனுப்ப உன்னால்தான் முடியும். பாசத்தில் செய்திருக்கிறாய், எனக்குத் தெரியாதா? ஆனால் நான் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பச்சைப் பால் ஆகாது. சூப்பில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் சாப்பிட்டோம். மன்னித்துக்கொள். நான் அத்தை வளர்த்த பிள்ளை.

இப்போது கோபமாகச் சொல்கிறேன். மாத்திரையைச் சாப்பிடு. எனக்கு வியாதி வந்து பதினேழு வருடம் ஆகிறது. உன் வயிற்றைப் புண்ணாகவே வைத்துக்கொண்டால் என் கால் நடக்குமா? புண் வெடித்து ஆள் போவது உண்டு என்று லீடியா சொல்கிறாள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

உன்
மிந்தோனியா


ஓர்த்தேயி
31 ஜனவரி 1999

மிந்தோனியாவுக்கு சுவான்னா எழுதுகிறேன்.

போன் செய்தால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயத்தைச் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உயிரோடு இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பால் கறந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாயில் இரத்தம். நான்கு நாளாக மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, என்னிடம் மூச்சு விடவில்லை. தெதோருதான் வண்டியில் போட்டுக்கொண்டு நுவோரோ ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். இரத்தத்தை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் கிருமி இருக்கும்வரை புண் திரும்ப வெடிக்கும், அடுத்த தடவை இவ்வளவு தூரம் வந்து சேர மாட்டார் என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

சட்டையை மாற்றும்போது பையில் அந்த மாத்திரை அட்டைகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூடக் கிள்ளவில்லை. "என்னை விதவையாக்கவா பாக்குற?" என்று கத்தினேன். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "அது எனக்குச் சேர வேண்டியது இல்ல சுவான்னா. அவளைக் கேக்காம நான் கொல்ல முடியாது" என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்ததையும் நாக்கின் அடியில் ஒதுக்கித் துப்பியிருக்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா? அவர் யார் பேச்சையும் கேட்பவர் இல்லை. உன் பேச்சைக் கேட்பார். எழுது.

சுவான்னா


ஓர்த்தேயி
14 பிப்ரவரி 1999

மிந்தோனியா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுந்து உட்கார முடிகிறது. உன் உடம்பு எப்படி?

நீ கேட்டதற்கு இப்போது எழுதுகிறேன். இனிமேலும் எழுதாவிட்டால் எழுதாமலே போய்விடுவேன் போலிருக்கிறது.

அத்தை வந்தது உன்னைக் கேட்டு இல்லை. என்னைக் கேட்டு. அன்று அம்மா அடுப்படியில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை என்னை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பக்கீஸ், என்கூட ஜெனோவாவுக்கு வர்றியாடா? கப்பல் பாக்கலாம், நல்ல பள்ளிக்கூடம் போகலாம்."

ஆன்மப் பிள்ளைக்குப் பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. பிள்ளை தன் வாயால் சரி என்று சொன்னால் போதும், சொல்லாவிட்டால் யாரும் கொண்டுபோக முடியாது. அது எனக்குத் தெரியும். நான் சொன்னேன், "நான் வரல. மிந்தோனியாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவ கேட்டா சரின்னுதான் சொல்லுவா." நீ எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற குழந்தை. தெரிந்துதான் சொன்னேன் மிந்தோ. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அம்மா ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உன்னைக் கேட்டார்கள். நீ தலையாட்டினாய்.

மறுநாள் உன் பங்குப் பாலையும் நான்தான் குடித்தேன். அம்மா ரொட்டியை மென்று மென்று உனக்குக் கொடுப்பாளே, நீ போன பிறகும் கொஞ்ச நாள் பழக்கத்தில் மென்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என் வாயில் வைப்பாள். ஒன்பது வயதுப் பையன், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். கிருமி அப்படித்தான் வந்திருக்கும். உனக்குச் சேர வேண்டியது எனக்கு வந்தது. எனக்கு வர வேண்டிய வியாதியை உன் தலையில் கட்டி அனுப்பிவிட்டேன். இதை நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மாத்திரை போட்டுக் கொல்வேன்? அது என்னைக் கொன்றால் கொல்லட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

பக்கீசியோ


சஸ்ஸாரி
3 மார்ச் 1999

மதிப்பிற்குரிய மிந்தோனியா அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் இரத்தப் பரிசோதனை முடிவை இத்துடன் தெரிவிக்கிறேன். தங்களுக்கு அந்தக் கிருமி இல்லை. எப்போதாவது இருந்ததற்கான அடையாளமும் தென்படவில்லை.

இதிலிருந்து தயவுசெய்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். எங்களிடம் உள்ள மற்ற ஜோடிகளில் இதற்கு நேர்மாறானவையும் உண்டு. இன்னும் பல வருடங்கள் ஆராய்ந்த பிறகும் எங்களுக்குத் தெளிவான பதில் கிடைக்காமல் போகலாம்.

ஒருவர் முடிவை மற்றவருக்குச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. தங்கள் அண்ணனிடம் சொல்வதும் சொல்லாததும் தங்கள் விருப்பம். ஆனால் ஒரு மருத்துவராக நான் கவலைப்படுகிறேன். நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கள் பரிசோதனை முடிவு என்னவென்று மூன்று முறை கேட்டார். நான் சொல்லவில்லை. மாத்திரைகளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அவர் அவற்றைத் தொடக்கூட இல்லை.

வணக்கங்களுடன்
ஒர்னெல்லா பிந்துஸ்


ஜெனோவா
12 மார்ச் 1999

அண்ணா,

எப்படி இருக்கிறாய்? இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். இரண்டு வருடமாக நான் சொல்லச் சொல்ல லீடியாதான் எழுதி வந்தாள், அவள் எழுத்தும் என் எழுத்தும் ஒரே சாயல் என்பதால் நீ கண்டுபிடிக்கவில்லை. இதை மட்டும் யார் கையிலும் கொடுக்க மனமில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மூன்று நாளாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உன் பெயரைக்கூட வீட்டில் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் வகுப்பில் இருக்கிற ஒன்பது வயதுப் பையன்களைப் பார்த்தேன். ஒருவனுக்குக் காலணிக் கயிறு கட்டத் தெரியவில்லை. இன்னொருவன் அம்மா வர ஐந்து நிமிடம் தாமதமானால் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறான். அவனை யாராவது கப்பல் ஏறச் சொன்னால் அவனும் உன்னைப் போலத்தான் யார் பெயரையாவது சொல்லித் தப்பிப்பான். அதோடு என் கோபம் போய்விட்டது.

அத்தை என்னிடம் அன்பாகத்தான் இருந்தாள். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் இரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. எனக்கும் அந்தக் கிருமி இருக்கிறது அண்ணா. ஐந்து வயதுக்குள்ளேயே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா மென்று கொடுத்ததிலோ, நாம் பாதிப் பாதி குடித்ததிலோ, யார் கண்டது. அத்தையின் சோப்பும் வெந்நீரும் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆகவே உன் கணக்கு தப்பு. அது காவல் காப்பதாக இருந்தால் என்னையும் காத்திருக்க வேண்டும். நீ ஜெனோவாவுக்கு வந்து நான் அங்கேயே இருந்திருந்தாலும் எனக்கு இந்த வியாதி வந்திருக்கும். நீ எனக்கு எதையும் கட்டி அனுப்பவில்லை, என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்காதே. ஒருவர் முடிவை இன்னொருவருக்குச் சொன்னால் அவர் வேலை போய்விடும்.

மேசைமேல் இருக்கிற மாத்திரையைச் சாப்பிடு. அவளைக் கேட்காமல் கொல்ல மாட்டேன் என்று அண்ணியிடம் சொன்னாயாமே. கேட்டதாக வைத்துக்கொள். கொல்.

மிந்தோ


ஓர்த்தேயி
25 ஏப்ரல் 1999

என் தங்கை மிந்தோனியாவுக்கு,

சௌக்கியம். நிஜமாகவே சௌக்கியம். நீயும் லீடியாவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே முதல் மாத்திரையைப் போட்டேன். அப்பா, என்ன மாத்திரை அது. வாயெல்லாம் செம்புக் காசைச் சப்பியது போல இருந்தது. ஒரு வாரம் ஒயின் தொடக் கூடாது என்று டாக்டரம்மா ஆணை. தெதோரு தினமும் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, எனக்கு நேரே ஒரு கோப்பையை உறிஞ்சிவிட்டு, "வியாதிக்காரங்க பாக்கக் கூடாது, கண்ணை மூடிக்க" என்றான். எட்டாம் நாள் அவன் புட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

போன வாரம் மறுபடி பை ஊதினேன். கிருமி இல்லை. எரிச்சல் இல்லாமல் காலையில் கண் விழிப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சுவான்னா முப்பது வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து, "உனக்கு இவ்வளவு நல்ல மூஞ்சி இருந்துச்சா?" என்றாள்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். எனக்கும் இருக்கிறது என்ற இடத்தை நூறு தடவை படித்திருப்பேன். உனக்கு வியாதி என்ற துக்கம் துக்கம்தான். ஆனால் மிந்தோ, நாற்பத்தாறு வருடமாக உன்னை வேறு வீட்டுப் பிள்ளை ஆக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எங்களிடமிருந்து போகவே இல்லை. அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். கல்லறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உன் முறை. நீயும் மாத்திரையைச் சாப்பிடு. எனக்கு வந்த மாதிரி உனக்குப் புண் வந்துவிடக் கூடாது. கசப்புக்கு ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டுக்கொள். எப்போது ஆரம்பிக்கிறாய் என்று எழுது.

பக்கீசியோ


ஜெனோவா
9 மே 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்ததும் லீடியாவைக் கூப்பிட்டு இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அண்ணி உன் மூஞ்சியைப் பற்றிச் சொன்னது மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. போட்டோ அனுப்பு.

என் காலைப் பற்றி எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தாய். எழுதுகிறேன். பிப்ரவரியிலிருந்து சக்கர நாற்காலி. ஜூனில் பள்ளியை விட்டு நிற்கிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது, பழகிவிடும்.

மாத்திரை நான் சாப்பிடப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. என் வயிற்றில் புண் இல்லை, வலி இல்லை, டாக்டர் பார்த்துவிட்டார். நான் வந்து ஒரு வருடத்துக்குள் நம் ஊர்ப் பேச்சு என் நாக்கை விட்டுப் போய்விட்டது. அம்மாவின் முகம் எப்போது போனது என்று தெரியவில்லை. அந்த வீட்டிலிருந்து என்னோடு வந்து, இத்தனை வருடம் என்னோடு இருந்தது இது ஒன்றுதான். இதையும் கொல்லச் சொல்லாதே அண்ணா. இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
மிந்தோனியா